கச்சேரி இரவுகளைச் சேர்த்து வைப்பது: ராக் குழுக்களின் மேடைப் பதிவுகளைச் சேகரிக்கவும் கைமாற்றவும் ஒரு வழிகாட்டி

ஒரு ராக் குழு ஸ்டுடியோவில் பதிவுசெய்து வெளியிட்ட பாட்டு என்றைக்குக் கேட்டாலும் ஒரே பாட்டுதான். அதே குழு அதே பாட்டை மேடையில் வாசிக்கும்போது, கிட்டார்காரர் இரண்டாவது சரணத்துக்குப் பிறகு எடுத்துக்கொள்ளும் இடம் ஒரு நாள் அரை நிமிடமாகவும் மறுநாள் ஆறு நிமிடமாகவும் இருக்கக்கூடும். டிரம்காரர் அன்றைய கூட்டத்தைப் பார்த்துக் காலத்தைக் கூட்டிவிடக்கூடும். இரண்டு ஆண்டுகளாக வாசிக்காத ஒரு பாட்டு முன்னறிவிப்பே இல்லாமல் வந்துவிடக்கூடும். மேடைப் பதிவுகளைத் தேடிச் சேகரிக்கிறவர்கள் இந்த வேறுபாட்டுக்காகத்தான் சேகரிக்கிறார்கள்.

பாலக்காட்டுக் கணவாயின் இந்த முனையில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் வாழும் தமிழர்களாகிய எங்களுக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு உண்டு. 1996இல் கொச்சியில் தொடங்கிய மதர்ஜேன், 2003இல் திருவனந்தபுரத்தில் உருவான அவியல் போன்ற குழுக்களின் இசையும் எங்களுடையது. கோயம்புத்தூர் கல்லூரி விழாக்களில் வாசிக்கும் தமிழ்க் குழுக்களும் எங்களுடையவை. மேற்கே போனாலும் கிழக்கே போனாலும் ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் ஒரு மேடை இருக்கும். ஆனால் அதே காரணத்தால் பதிவுகளும் கேரள-தமிழக எல்லையின் இரு பக்கமும் சிதறிக் கிடக்கின்றன: பாதி மலையாளத்தில் எழுதிய அட்டைகளோடு அங்கே, பாதி தமிழில் எழுதிய அட்டைகளோடு இங்கே, பெரும்பாலானவை எதுவுமே எழுதப்படாமல். கேசட் காலத்திலிருந்து இவற்றைச் சேர்த்துவரும் ஒருவனாக, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் நான் மிகவும் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான்: எங்கே, எப்போது, யார், எந்தக் கருவியில் பதிவுசெய்தார், அது எத்தனை கை மாறி வந்தது என்ற குறிப்பு இல்லாத பதிவு, ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அரைப் பதிவுதான்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது

கலிபோர்னியாவில் 1965இல் தொடங்கி 1995 வரை வாசித்த கிரேட்ஃபுல் டெட் குழுவின் ரசிகர்களே இந்த வழக்கத்தை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர்கள். அந்தக் குழு முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் செய்தது. ஒவ்வோர் இரவும் பாட்டு வரிசையை மாற்றியது. ரசிகர்கள் மைக்கோடு வந்து பதிவுசெய்வதை அவர்கள் தடுக்கவில்லை; 1984 அக்டோபரில் பெர்க்லியில் நடந்த கச்சேரிகளிலிருந்து பதிவுசெய்கிறவர்களுக்கென்று தனி இருக்கைப் பகுதியையே ஒதுக்கினார்கள். ரசிகர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான்: கைமாற்றலாம், விற்கக்கூடாது.

அந்தச் சேகரிப்பில் மிகவும் பேசப்படுவது 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரி. குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் செய்த பதிவு அது. அவருடைய நாடாக்கள் பின்னாளில் வாடகை பாக்கிக்காக ஒரு சேமிப்புக் கிடங்கிலிருந்து ஏலம் போய், வாங்கியவர்களின் கைகள் வழியாக ரசிகர்களிடம் பரவின. அந்தக் கச்சேரி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. குழுவின் பெயரில் முறையான வெளியீடாக வந்தது 2017இல்தான். நாற்பது ஆண்டுக்காலம் அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகலெடுத்த சாதாரண ரசிகர்கள்.

பாலக்காட்டுக்காரர்களுக்கு இது அந்நியமான பழக்கமும் அல்ல. செம்பை வைத்தியநாத பாகவதரின் ஊரும் பாலக்காடு மணி ஐயரின் ஊரும் இதுதான். அந்தக் கச்சேரிகளின் ஸ்பூல் நாடாக்களை வைத்திருந்த ரசிகர்கள், ராகம், தாளம், பக்கவாத்தியம் வாசித்தவர் என்று ஒவ்வொன்றுக்கும் நோட்டுப் புத்தகத்தில் வரி எழுதி வைத்தார்கள். ராக் ரசிகர்களாகிய நாம் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது அந்த நோட்டுப் புத்தகத்தைத்தான்.

முதலில் அனுமதி

பதிவுக் கருவியைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். குழுவின் மேலாளரிடமோ பாடகரிடமோ கேட்க வேண்டும். விழா ஏற்பாட்டாளரிடம் மட்டும் கேட்பது போதாது, ஏனென்றால் அவர் வாசிக்கிறவர் அல்லர். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மேடையில் நிகழ்த்தும் கலைஞருக்கு 38ஆம் பிரிவில் தனி உரிமை தருகிறது. அது 50 ஆண்டுகள் நீடிக்கிறது. பதிவுசெய்கிறவர் தன் சொந்த உபயோகத்துக்காகச் செய்யும் ஒலிப்பதிவு அந்த உரிமையை மீறியதாகாது என்று 39ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அந்தச் சலுகை உங்கள் வீட்டு வாசலோடு முடிகிறது. நண்பருக்கு ஒரு நகல் கொடுக்க வேண்டுமானால் குழுவின் சம்மதம் வேண்டும். அதை வாய்மொழியாகப் பெறாமல் ஒரு குறுஞ்செய்தியாகவாவது பெற்று, அந்தச் செய்தியின் தேதியைக் குறிப்பில் எழுதிவைப்பது நல்லது. என் அனுபவத்தில், பணம் கைமாறாது என்றும் பதிவின் ஒரு நகலைத் தங்களுக்கே தருவோம் என்றும் சொன்னால் பெரும்பாலான இளம் குழுக்கள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கின்றன. தங்கள் கச்சேரி கூட்டத்தின் நடுவிலிருந்து எப்படிக் கேட்டது என்று அவர்களுக்குத் தெரிய வேறு வழி இல்லை.

வேண்டாம் என்று சொன்னால், கருவியை மூடிவிட்டுக் கச்சேரியைக் கேளுங்கள். மறைத்துப் பதிவுசெய்த ஒன்று வெளியே வந்தால், அடுத்து கேட்கப்போகும் பத்துப் பேருக்குக் கதவு அடைபடும்.

மைதானத்தில் பதிவுசெய்வது

நூறு பேர் கையை உயர்த்திக் கைப்பேசியில் எடுக்கும் வீடியோக்களை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அவை பதிவாகச் சேர்த்துவைக்கத் தக்கவை அல்ல. கைப்பேசி பொதுவாகப் பேச்சுக்காக அமைந்தது. டிரம் அடி விழும்போது ஒலி அளவைத் தானாகவே கீழே இறக்கி, அடுத்த நொடியே மேலே ஏற்றும். அதனால் பாட்டு முழுவதும் மூச்சு வாங்குவதைப் போலக் கேட்கும். இரண்டு மைக் பொருத்திய ஒரு சிறிய கையடக்க ரெக்கார்டர், ஜூம் அல்லது டாஸ்கம் நிறுவனத்துடையது, பழையதாகக் கிடைத்தாலும் போதும். அதில் தானியங்கி அளவு என்று இருப்பதை முதலில் அணையுங்கள். எம்.பி.3யைத் தேர்ந்தெடுக்காமல் வேவ் வடிவத்தில், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். இந்த அமைப்பில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி இடம் பிடிக்கும். ஆகவே இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு எட்டு ஜிபி அட்டை தாராளம். நீண்ட பதிவைப் பல ரெக்கார்டர்கள் இரண்டு ஜிபி ஆனதும் தாமாகவே அடுத்த கோப்புக்கு மாற்றிவிடும். அதைக் கண்டு பதற வேண்டாம், வீட்டில் இரண்டையும் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்ளலாம்.

ஒலி அளவை, குழு சோதனைக்கு வாசிக்கும்போது உச்ச ஒலி கழித்தல் 12 டெசிபெலைத் தாண்டாதபடி வைத்துவிட்டு, பிறகு தொடாதீர்கள். முதல் பாட்டைவிடக் கடைசிப் பாட்டு எப்போதும் உரக்க இருக்கும். மைக்செட்காரர் கூட்டம் சூடேற ஏற ஒலியை ஏற்றிக்கொண்டே போவார். 24 பிட்டில் குறைவாகப் பதிந்ததை வீட்டில் உயர்த்திக்கொள்ள முடியும், ஆனால் உச்சியில் வெட்டுப்பட்ட ஒலியை எந்த மென்பொருளும் முழுமையாகத் திரும்பக் கொண்டுவராது.

நிற்கும் இடத்தைப் பொறுத்தவரை, மேடைக்கு மிக அருகில் போவது தொடக்கக்காரர்கள் செய்யும் முதல் தவறு. அங்கே பாஸ் பெட்டிகளின் அதிர்வும் டிரம்மும் கேட்கும், பாடகரின் குரல் கேட்காது. குரல் வரும் பெட்டிகள் உங்கள் தலைக்கு மேலே பின்வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மைக்செட்காரர் தன் மிக்ஸர் மேசையைப் போட்டிருக்கும் இடத்துக்குப் போங்கள். அவர் தன் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் எல்லாவற்றையும் அமைப்பார், ஆகவே அந்த மேசைக்குச் சற்று முன்னால், இரண்டு பெட்டி அடுக்குகளுக்கும் நடுவே இருப்பதுதான் மைதானத்தின் சிறந்த இடம். மைக்கை ஒரு தண்டில் ஏழெட்டு அடி உயரத்துக்கு ஏற்றிவிட்டால் பக்கத்தில் நிற்பவரின் கைத்தட்டலும் விசிலும் பாதியாகக் குறையும்.

இனி காற்று. மற்ற ஊர்களுக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். எங்களுக்கு அது போதாது. கார்த்திகை பிறந்ததிலிருந்து மாசி வரை, மலையாளிகள் விருச்சிகக் காற்று என்று சொல்லும் கிழக்குக் காற்று கணவாய் வழியாக இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கும்; கல்லூரி விழாக்களில் பெரும்பாலானவை வருவதும் அதே மாதங்களில்தான். அந்தக் காற்று மைக்கின் மேல் நேராக மோதினால் இடி இடிப்பது போல ஒரு சத்தம் பதிவாகி, பாஸ் கிட்டாரை முழுக்க விழுங்கிவிடும். ரெக்கார்டரோடு வரும் கறுப்பு நுரை உறை வீட்டுக்குள் பேசுவதற்குத்தான் ஆகும். அதற்கு மேலே நீண்ட ரோமம் உள்ள உறை ஒன்றைப் போடுங்கள். முதுகு காற்றுக்கும் முகம் மேடைக்கும் இருக்கும்படி நின்றால் உடம்பே ஒரு தடுப்பாகும். மேடை கிழக்கே இருந்தால் மிக்ஸர் மேசைக் கூடாரத்தின் தார்ப்பாய் மறைவில் தண்டை நிறுத்துங்கள். ரெக்கார்டரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தான் இருந்தால், காற்று கடுமையாக உள்ள இரவில் மட்டும் அதைப் போடலாம்; மற்ற நாட்களில் போட்டால் டிரம்மின் அடிவயிறு போய்விடும். திறந்த மைதானத்தின் ஓரத்தில் பனைமரங்கள் வரிசையாக நிற்கும் ஊர்கள் எங்கள் பக்கம் நிறைய. காய்ந்த பனையோலை உரசும் சத்தம் ஒலிப்பதிவில் நாடா இரைச்சலைப் போலவே கேட்கும், அதை எந்த வடிகட்டியாலும் தனியே எடுக்க முடியாது. ஆகவே மரத்தடியைத் தவிர்த்துவிடுங்கள்.

மைக்செட்காரர் ஒப்புக்கொண்டால் மிக்ஸரிலிருந்தே ஒரு வயர் எடுத்துக்கொள்ளலாம். அப்போது ரெக்கார்டரின் மைக் துளையில் செருகாமல் லைன் துளையில் செருக வேண்டும். இல்லையென்றால் முதல் அடியிலேயே ஒலி உடைந்துவிடும். ஆனால் மிக்ஸர் பதிவு என்றாலே உயர்ந்தது என்ற நம்பிக்கை சரியல்ல. சிறிய அரங்கில் கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் டிரம்மும் மேடையிலிருந்தே உரக்கக் கேட்பதால் மைக்செட்காரர் அவற்றை மிக்ஸரில் குறைவாகவே ஏற்றுவார்; அந்தப் பதிவில் பாடகர் காதுக்குள் கத்துவார், மற்றவர்கள் அடுத்த தெருவில் வாசிப்பார்கள். கூட்டத்திலிருந்து எடுத்த பதிவையும் மிக்ஸர் பதிவையும் கலந்தால்தான் அந்த இரவு முழுமையாக வருகிறது. கலக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது, ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர்தான் போகிறது என்பது. நீங்கள் பெட்டிகளிலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்றிருந்தால் உங்கள் பதிவு மிக்ஸர் பதிவைவிட நொடியில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பின்தங்கி வரும். ஸ்னேர் டிரம்மின் ஓர் அடியை இரண்டிலும் கண்டுபிடித்து நேர்ப்படுத்துங்கள். இரண்டு கருவிகளின் உள்கடிகாரங்களும் முற்றிலும் ஒத்துப்போகாது என்பதால், ஒரு மணி நேரம் கழித்து அதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி நிறுத்திப் பதிவுசெய்யாதீர்கள். குழு மேடை ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பே தொடங்கி, கூட்டம் கலையும் வரை ஓடவிடுங்கள். என்னிடம் உள்ள ஒரு பழைய கேசட்டின் அட்டையில் கல்லூரி விழா என்பதைத் தவிர ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு என்று பல ஆண்டுகள் தெரியாமலே இருந்தேன். ஐந்தாவது பாட்டுக்கும் ஆறாவது பாட்டுக்கும் நடுவே அறிவிப்பாளர் ஒருவர், கொழிஞ்சாம்பாறைக்குப் போகும் கடைசிப் பேருந்து புறப்படப்போகிறது என்று முதலில் மலையாளத்திலும் பிறகு தமிழிலும் சொல்கிறார். அதற்கு முன் சிறப்பு விருந்தினருக்கு நன்றி சொல்கிறார். அந்த இரண்டு வாக்கியங்களை வைத்துத்தான், அன்று அங்கே இருந்த ஒருவர் பத்திரப்படுத்தியிருந்த அழைப்பிதழோடு ஒப்பிட்டுத் தேதியைக் கண்டுபிடித்தோம். பேச்சை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் வைத்திருந்தால் அந்தப் பதிவு இன்றைக்கும் அநாதையாகவே இருந்திருக்கும்.

குறிப்பு எழுதும் முறை

வீட்டுக்கு வந்ததும் தூங்கப்போவதற்கு முன் அட்டையிலிருந்து கணினிக்கு ஒரு நகலும் வெளி டிஸ்குக்கு ஒரு நகலும் எடுத்துவிட்டு, உடனே குறிப்பை எழுதுங்கள். மறுநாள் எழுதலாம் என்று விட்டால் பாட்டு வரிசை கலங்கிவிடும்.

ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு போதும். குழுவின் பெயர், தேதி, இடம், மேடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் வாசித்த கருவி, பாட்டு வரிசை, பதிவுக் கருவி, மைக், நின்ற இடம், பதிவு வடிவம், பிறகு கணினியில் என்னென்ன செய்யப்பட்டது என்பவை அதில் இருக்க வேண்டும். ராக் குழுக்களில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். அன்று வழக்கமான டிரம்காரருக்குப் பதிலாக வேறொருவர் வாசித்தார் என்ற ஒரு வரி, பத்து ஆண்டுக்குப் பிறகு அந்தப் பதிவைத் தேடுகிறவருக்கு மிகப் பெரிய செய்தியாக இருக்கும். தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய தேதி நான்கு கை மாறியதும் உறுதியான தேதியாகிவிடுகிறது. பிறகு அதை யாராலும் திருத்த முடிவதில்லை.

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 1977-05-08 என்பதைப் போல எழுதுங்கள். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். மேலே சொன்ன கார்னெல் கச்சேரியை அவர்கள் 5/8/77 என்று எழுதும்போது நம் கண்ணுக்கு அது ஆகஸ்டு ஐந்து. இந்தக் குழப்பத்தாலேயே ஒரே கச்சேரியை இரண்டு கச்சேரிகளாக வைத்திருக்கும் பட்டியல்களை நான் பார்த்திருக்கிறேன். கோப்புறைக்கும் இதே வரிசையில் பெயர் வைத்தால் கணினி தானாகவே காலவரிசைப்படி அடுக்கிக்கொடுக்கும்.

இடத்தின் பெயரில் எங்கள் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சித்தூர் என்று மட்டும் எழுதிய கேசட் பாலக்காட்டுச் சித்தூரைக் குறிக்கலாம், ஆந்திரத்துச் சித்தூரையும் குறிக்கலாம். இரண்டு ஊர்களிலும் தமிழர்கள் இருக்கிறார்கள், இரண்டிலும் கல்லூரிகள் இருக்கின்றன. ஆகவே மாவட்டத்தையும் மாநிலத்தையும் சேர்த்து எழுதுங்கள். பழைய அட்டைகளில் பாலக்காடு என்பது பால்காட் என்றும் கோயம்புத்தூர் கோவை என்றும் இருக்கும். பட்டியலில் ஒரே வடிவத்தைப் பின்பற்றி, அட்டையில் இருந்தபடியே உள்ள எழுத்தையும் அடியில் தனியாகக் கொடுங்கள். மலையாள எழுத்தில் இருப்பதைப் படிக்கத் தெரியாவிட்டால் படம் எடுத்து உடன் வையுங்கள், ஊகித்துப் பெயர்க்க வேண்டாம்.

பழைய கேசட்டுகள்

எல்லைப் பக்கத்தில் இன்னும் எடுக்கப்படாத புதையல் பரண்களில்தான் இருக்கிறது. ஒருவர் உங்களை நம்பிக் கேசட் கொடுத்தால், எப்போது திருப்பித் தருவீர்கள் என்பதை அப்போதே சொல்லி, அந்த நாளில் திருப்பிக் கொடுங்கள்.

எங்கள் மழைக்காலத்து ஈரத்தில் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூசணம் பிடித்திருக்கும். அப்படி இருக்கும் கேசட்டை ஓட்டவே ஓட்டாதீர்கள். அந்தத் தூள் கேசட் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். உலர்ந்த இடத்தில் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் சில வாரம் வைத்து, பிறகு இதற்கென்றே ஒதுக்கிய ஒரு பழைய டெக்கில் மெல்லிய துணியை நாடாமேல் படும்படி வைத்துச் சுற்றித் துடைக்க வேண்டும். அதைச் செய்யும்போது முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறிய பட்டைத் துண்டு பசை விட்டு உதிர்ந்திருந்தால் ஒலி மங்கி விட்டு விட்டுக் கேட்கும். அது நாடாவின் குற்றமில்லை. திருகாணி போட்ட வேறொரு கூட்டுக்குள் நாடாவை மாற்றினால் சரியாகிவிடும்.

ஓட்டுவதற்கு முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் சுத்தம் செய்துவிட்டு, நாடாவை ஒரு முறை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள். பிறகு அசிமத் எனப்படும் ஹெட்டின் சாய்வு. பதிவுசெய்த டெக்கின் ஹெட்டும் உங்கள் டெக்கின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இருப்பதில்லை. அந்தச் சிறு வேறுபாட்டால் டிரம்காரரின் உலோகத் தட்டான சிம்பலின் ஒலியும் குரலின் கூர்மையும் போய்விடும். இரண்டு சானலையும் ஒன்றாக்கிக் கேட்டுக்கொண்டே, ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறு திருகாணியை மெல்லத் திருப்பி, உயர்ந்த ஒலிகள் மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். நான் முதலில் மாற்றிய ஏறத்தாழ முப்பது கேசட்டுகளை இதை அறியாமல் செய்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் மறுபடி கேட்டு வாங்கி மாற்றினேன். அதற்குள் இரண்டு கேசட்டுகள் உரியவர்களிடமே அறுந்துபோயிருந்தன. நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதியைப் போட்டுப் பதிவுசெய்ததா என்று தெரியாவிட்டால் அதை அணைத்துவிட்டே மாற்றுங்கள். வேண்டுமானால் பின்னால் போட்டுக்கொள்ளலாம்.

வேகம் அடுத்த சோதனை. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்த டேப் ரெக்கார்டரில் பதிவானது இன்று ஓட்டும்போது வேகமாக, சுருதி ஏறிக் கேட்கும். மின் இரைச்சல் 50 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். அதை முழுமையாக நம்ப வேண்டாம்: தென்னிந்திய மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்றுதான் நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்தது, அதற்கு முன், முக்கியமாகத் தொண்ணூறுகளில், அதிர்வெண் 50க்கு நன்றாகக் கீழே இறங்குவது சாதாரணம். குழு வெளியிட்ட ஆல்பத்தில் அதே பாட்டின் சுருதியோடு ஒப்பிடுவதே நம்பகமானது. அப்போதும் மேடையில் கிட்டாரை அரைச்சுருதி இறக்கிக் கட்டும் குழுக்கள் உண்டு என்பதை மனத்தில் வையுங்கள். மாற்றியதை எவ்வளவு மாற்றினீர்கள் என்று சதவீதத்தோடு குறிப்பில் எழுதி, மாற்றாத மூலத்தையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். பெரும்பாலான கச்சேரிகளில் நீண்ட பாட்டு ஒன்று பக்கம் மாற்றும்போது நடுவே அறுந்திருக்கும். வேறொருவர் பதிவிலிருந்து அந்த ஒரு நிமிடத்தை எடுத்து ஒட்டலாம், ஆனால் எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை ஒட்டியது என்று எழுத வேண்டும். இரைச்சலை நீக்கும் மென்பொருளைத் தொடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அது இரைச்சலோடு சிம்பலின் ஈரத்தையும் அரங்கின் எதிரொலியையும் எடுத்துக்கொண்டு போய்விடும், போனது திரும்பாது.

கைமாற்றும் முன் சரிபார்ப்பது

கேசட் காலத்தில் ஒவ்வொரு நகலும் முந்தையதைவிடச் சற்று மங்கலாக இருந்தது; எத்தனையாவது தலைமுறை நகல் என்பதே பேரத்தின் அடிப்படை. 2001இல் வந்த ஃப்ளாக் வடிவம் அந்தக் கவலையைத் தீர்த்தது. வேவ் கோப்பை அது பாதியளவுக்குப் பக்கமாகச் சுருக்கினாலும் ஒரு துளியும் இழப்பதில்லை. எம்.பி.3 அப்படி அல்ல. காதுக்குத் தெரியாது என்று கருதுவதை அது வீசிவிடுகிறது; எம்.பி.3யை மறுபடி எம்.பி.3 ஆக்கும்போது மேலும் வீசுகிறது. பேருந்தில் கேட்க எம்.பி.3 வைத்துக்கொள்ளுங்கள், கைமாற்றுவது ஃப்ளாக்காக மட்டுமே இருக்கட்டும்.

எம்.பி.3யை எடுத்து ஃப்ளாக்காக மாற்றிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், பெரும்பாலும் அறியாமையால். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் அலைமாலைக் காட்சியை (ஸ்பெக்ட்ரோகிராம்) பாருங்கள். சிம்பல் அடிக்கும் இடங்களில்கூட 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டியதுபோல வெறுமையாக இருந்தால், அது ஒரு காலத்தில் 128 கிலோபிட் எம்.பி.3யாக இருந்திருக்க வாய்ப்பு மிகுதி. கேசட்டிலிருந்து வந்தது என்றால் நாடா இரைச்சல் மேலே மெல்லத் தேய்ந்து மறையும், நேர்க்கோட்டில் அறுபடாது.

சரிபார்த்த பிறகு ஒவ்வொரு கோப்புக்கும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும் எம்.டி.5 எண்ணை உருவாக்கிக் குறிப்போடு சேர்த்துவையுங்கள். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். ஆகவே பெற்றுக்கொள்கிறவர் தன்னிடம் வந்தது மாறாத பதிவுதானா என்று அரை நிமிடத்தில் அறியலாம்.

கொடுப்பதும் வாங்குவதும்

உங்களிடம் உள்ளவற்றைப் பட்டியலாக்குங்கள். ஒலித்தரத்தை உள்ளதைவிட ஒரு படி குறைத்தே எழுதுங்கள். குழு அதிகாரபூர்வமாக வெளியிட்ட எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள், அதை வாங்கிக் கேட்பதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் நியாயம். முன்பு கைமாற்றிவந்த ஒரு பதிவைக் குழு பின்னாளில் தானே வெளியிட்டால் உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

தொடக்கக்காரரிடம் கைமாற்ற ஒன்றும் இருக்காது. அவரைத் திருப்பி அனுப்பாமல், வெற்று நாடாவும் தபால் செலவும் அனுப்பினால் நகலெடுத்துக் கொடுப்பது என்பது அமெரிக்க ரசிகர்களின் பழைய வழக்கம். நாங்கள் அதையே பென்டிரைவில் செய்கிறோம்: அவர் காலி பென்டிரைவ் கொடுத்தால் நாங்கள் நிரப்பிக் கொடுக்கிறோம், பதிலுக்கு அவர் மேலும் இரண்டு பேருக்கு அதே முறையில் கொடுக்க வேண்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம். ஆனால் பொள்ளாச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வருகிறவர்களோடு வேலந்தாவளத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கைமாற்றும்போது, எந்தப் பாட்டில் என்ன நடந்தது என்ற பேச்சும் சேர்ந்து வருகிறது, அந்தப் பேச்சிலிருந்து குறிப்புக்கு இரண்டு வரி கிடைக்கிறது. பெற்றுக்கொண்ட குறிப்புக் கோப்பைத் திருத்தாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த புதிய செய்தியை அதன் அடியில், தேதியிட்டுச் சேருங்கள். பதிவுசெய்தவர் தன் பெயர் வேண்டாம் என்றால் அவர் சொல்லும் புனைபெயரை எழுதுங்கள்.

ஒரே ஒரு மூலம் மட்டும் உள்ள நாடாவை நகலெடுக்காமல் எவருக்கும் இரவல் கொடுக்க வேண்டாம். அப்படி நான் கொடுத்த ஒன்று திரும்பி வரவில்லை. வாங்கியவர் நல்லவர்தான், வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. அந்த இரவை வேறு யாரும் பதிவுசெய்யவில்லை.

பத்திரப்படுத்துவது

மூன்று நகல்கள் இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். எனக்கு அது கோயம்புத்தூரில் என் தங்கை வீட்டு அலமாரி. எழுதக்கூடிய சிடியில் தொண்ணூறுகளின் இறுதியில் எழுதியவை உங்களிடம் இருந்தால் இந்த மாதமே டிஸ்குக்கு மாற்றுங்கள், அவற்றின் மேற்பூச்சு உரியத் தொடங்கியிருக்கும். மூல கேசட்டுகளை மாற்றிய பிறகும் எறியாமல், பதிவை அழிக்க முடியாதபடி மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு தகடுகளையும் உடைத்துவிட்டு, ஸ்பீக்கர் காந்தத்துக்கு அருகில் இல்லாத இடத்தில் நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கு முன், டப்பாக்களில் உள்ள சிலிக்கா ஜெல்லை மாற்றி, டிஸ்குகளை ஓடவிட்டு எம்.டி.5 எண்களை ஒப்பிட்டு, புதிய பட்டியலின் ஒரு நகலைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். ஒரு நாள் முழுவதும் ஆகும்.